முத்துராஜவெல வெறுங்காணியா?

கொழும்புக்கு வடக்கே, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகின்ற வழியில், களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் ஒரு பெரிய சதுப்பு நிலம் கிடக்கிறது. பெயர் முத்துராஜவெல. 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட அதிவேக வீதியால் போகிறவர்களுக்கு அது வாகனக் கண்ணாடிக்கு வெளியே பச்சையாகத் தெரிந்து மறைந்துவிடும். பிள்ளையை வெளிநாட்டுக்கு வழியனுப்பப் போன எங்கள் ஆட்களும் அதைக் கடந்துதான் போயிருப்பார்கள். ஆனால் அழுத கண்ணுக்கு எந்தச் சதுப்பு தெரியும்? கொழும்பிலே வசதியாக வாழ்பவர்களுக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. நகரத்துக்குப் பக்கத்திலேயே ஒளிந்து கிடக்கின்ற இயற்கை ஓய்விடம் என்றும், ஆற்றோரமாக ஒரு காலைப்பொழுதை அமைதியாகக் கழிக்க ஏற்ற இடம் என்றும் அவர்கள் அதைச் சொல்கிறார்கள்.

சென்ற மாசி மாதத்தில் எங்கள் பகுதி விவசாயிகள் சிலரோடு நானும் அங்கே போயிருந்தேன். நீர்கொழும்புப் பக்கத்தில் சேதனப் பசளைத் தோட்டம் ஒன்றைப் பார்ப்பதற்காகவே நாங்கள் போனோம். மறுநாள் பஸ் புறப்பட நேரம் இருந்தபடியால், யாரோ ஒருவர் வள்ளச் சவாரிக்கு ஒழுங்கு செய்துவிட்டார். எங்களில் பலர் இருபது வருடம், முப்பது வருடம் சொந்தக் காணியில் கால் வைக்காதவர்கள். உல்லாசப் பிரயாணி என்ற பெயரோடு வள்ளத்தில் ஏறி இருப்பது எங்களுக்கே சிரிப்பாக இருந்தது.

ஆனால் அழகான இடம்தான். அதை மறுப்பதற்கில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயால் போனோம். இரு கரையிலும் கண்டல் மரங்கள், அவற்றின் வேர்களில் சிப்பிகள், கொப்புகளில் குரங்குகள். ஒரு கபரகொய்யா எங்களைக் கண்டும் காணாதது போலத் தண்ணீரில் இறங்கியது. செந்நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி என்று ஒவ்வொன்றாகப் படகோட்டிப் பையன் காட்டிக்கொண்டு வந்தான். நூறு இனங்களுக்கு மேற்பட்ட பறவைகள் அங்கே உண்டு. முதலையும் உண்டு என்றான். நாங்கள் காணவில்லை, காணாததில் பெண்களுக்குப் பெரிய நிம்மதி.

எங்களோடு வந்த முதியவர் ஒருவர் பறவைகளைப் பார்க்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, உது வயல் கிடந்த இடமல்லோ?" என்று கேட்டார்.

"எப்பிடியப்பு தெரியும்?"

"பேரிலயே கிடக்கு. வெல எண்டால் சிங்களத்தில வயல்தானே."

அவர் சொன்னது சரி. கோட்டை அரசர்களின் காலத்தில் அது நெல் விளைந்த பூமி. முத்தும் ராஜாவும் பெயரில் சேர்ந்ததே அந்த விளைச்சலின் பெருமையால்தான் என்று சொல்வார்கள். அந்த வயல் எப்படிச் செத்தது என்ற கதையை எங்கள் ஒவ்வொரு விவசாயியும் அறிந்திருக்கவேண்டும். யுத்தத்தால் அது சாகவில்லை, வரட்சியாலும் சாகவில்லை. ஒரு வாய்க்கால்தான் அதைக் கொன்றது.

அந்த நிலம் கடல் மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கின்ற பள்ளக்காணி. கிழக்கேயிருந்து தண்டுகம ஓயாவின் நல்ல தண்ணீர் வந்து பரவும். மேற்கே மணல் திட்டு கடலை மறித்து நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலையில்தான் நெல் விளைந்தது. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் கறுவா முதலிய சரக்குகளை நீர்கொழும்பிலிருந்து கொழும்புக்கு வள்ளத்தில் கொண்டுபோக வசதியாகக் கால்வாய் வெட்டினார்கள். சரக்கு போனது. அதே வழியால் வற்றுப்பெருக்கோடு உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. வயல் உவராகியது. ஒல்லாந்தர் திருத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. பிறகு ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய், உப்புத் தண்ணீரை வடியச் செய்து வயலை மீட்பதற்கென்றே வெட்டப்பட்டது. பதினான்கரை கிலோமீற்றர் நீளம். அதுவும் பலிக்கவில்லை. வியாபாரிக்காக வெட்டிய வாய்க்காலின் கேட்டை, விவசாயிக்காக வெட்டிய வாய்க்காலால் மாற்ற முடியாமல் போய்விட்டது.

உவர் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டியது உவரை மறிப்பதற்காகத்தானே. யுத்த காலத்தில் அந்தக் கதவுகளைப் பார்க்க ஆளில்லாமல் அவை பழுதடைந்தபோது உப்பு எவ்வளவு தூரம் ஏறியது என்பதையும் அந்தக் கரைகளில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நெல் போனபின் முத்துராஜவெலைக்குப் புதிய பெயர் வந்தது. அரச கடிதங்களிலும் கொம்பனிக்காரர் வாயிலும் அது "பயனற்ற சதுப்பு" ஆகியது. பயனற்றது என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு எதையும் செய்யலாம். 1990களில் தெற்குப் பக்கமாகக் கெரவலப்பிட்டியில் கடல் மணலைக் கொட்டிப் பெரும் பரப்பை நிரவினார்கள். 2010இல் 300 மெகாவாற் மின் நிலையம் ஒன்று அங்கே முழுமையாக இயங்கத் தொடங்கியது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, கொழும்பின் குப்பைக்கு இனி எந்த இடம் என்ற கேள்வி எழுந்தது. விடை உடனே வந்தது: கெரவலப்பிட்டி. ஒரு ஏழைக் குடியிருப்பின் தலையிலிருந்து இறக்கிய சுமையை ஒரு சதுப்பின் தலையில் வைத்தார்கள்.

இதற்கிடையில் 1996இல் சதுப்பின் வடபகுதி சரணாலயமாக்கப்பட்டது. நல்ல காரியம். அதுவும் இல்லாதிருந்தால் நாங்கள் வள்ளத்தில் போன இடமெல்லாம் இன்று களஞ்சிய அறைகளாக இருந்திருக்கும். ஆயினும் சரணாலயம் என்றானதும் மூன்றாவது பெயரும் வந்து சேர்ந்தது. வயல், பயனற்ற சதுப்பு, இப்போது ஓய்விடம்.

இந்த மூன்றாவது பெயரில்தான் எனக்குப் பிணக்கு இருக்கிறது. நான் உல்லாசப் பிரயாணத்துக்கு எதிரானவன் அல்லன். எங்களுக்கு வள்ளம் ஓட்டிய பையனுக்கு அது ஒரு தொழில். கடலுக்குப் போக முடியாத மாதங்களில் அவனுடைய வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது. 2021இல் அந்தக் கடற்கரைக்கு எதிரே கப்பல் எரிந்து பிளாஸ்ரிக் மணிகள் பமுனுகம, சரக்குவ மணலில் குவிந்தபோது, கடலை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அடுப்புக்கு இன்னொரு வழி இருப்பது நல்லதே. என் பிணக்கு வேறு. பார்க்க அழகாயிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு நிலத்தைக் காப்பாற்றினால், அதைவிட அழகான கட்டிடப் படம் ஒன்றை யாராவது கொண்டுவந்து விரிக்கும் நாளில் அந்தக் காவல் விழுந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்தச் சதுப்பு ஒரு வருடத்தில் செய்கின்ற வேலைகளுக்கு அந்நேர விலையில் பெறுமதி போட்டது. மொத்தம் சுமார் 726 மில்லியன் ரூபா. அதில் வெள்ளத்தை ஏந்தி மெதுவாக விடுகின்ற வேலைக்கு மட்டும் 485 மில்லியன். தொழிற்சாலைக் கழிவுநீரை வடித்துச் சுத்தமாக்குவதற்கு 162 மில்லியன். விவசாய விளைச்சலுக்கு 30 மில்லியன், களப்பிலும் கடலிலும் மீன் பெருக உதவுவதற்கு 20 மில்லியன். விறகுக்கு 8 மில்லியனும், சதுப்புக்குள் பிடிக்கும் மீனுக்கு 6 மில்லியனுக்குச் சற்று மேலும் போட்டிருந்தார்கள். பொழுதுபோக்குக்கு? 5 மில்லியன் ரூபா சொச்சம். நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை.

இந்த மாதிரிக் கணக்குகளை நான் வேதவாக்காக எடுப்பவன் அல்லன். சதுப்பு மறிக்கும் வெள்ளத்தை மறிக்க மனிதர் கட்டவேண்டியவற்றுக்கு என்ன செலவாகும் என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். தாய்ப்பாலுக்குப் பால்மா விலையை வைத்துப் பெறுமதி சொல்வது போன்றது அது. இருந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு வரி என்னை நிறுத்தி வைத்தது. விறகு பொறுக்குகின்ற பெண்ணும் தூண்டில் போடுகின்ற மனிதனும் அந்தச் சதுப்பிலிருந்து எடுக்கும் பெறுமதி, உல்லாசப் பிரயாணிகள் பெறுவதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் விளம்பரத் தாளில் யாருடைய படம் இருக்கிறது? நாரையின் படமும் வள்ளத்தில் தொப்பி போட்டவரின் படமும். விறகு கட்டியவளின் படம் இல்லை.

வெள்ளத்தின் கணக்கு இன்னும் பெரிது. மழை பெய்தால் மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் எங்கேயாவது நின்றுதான் போகவேண்டும். அதற்குப் பள்ளம் வேண்டும். குளத்து அலைகரையை நிரவி வீடு கட்டினால் என்ன நடக்கும் என்பது எங்கள் கிராமத்துப் பிள்ளைக்கும் தெரியும். குளம் தன் இடத்தைத் தேடி ஒருநாள் வரும். 2016 வைகாசியில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவ, கடுவெல பகுதிகள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் அந்தக் கங்கைக் கரைகள் தப்பவில்லை. முத்துராஜவெல ஒன்று மட்டும் இந்த வெள்ளங்களை எல்லாம் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நிரவிய ஒவ்வொரு ஏக்கரின் தண்ணீரும் பக்கத்துப் பள்ளத்துக்குத்தான் போகும், அந்தப் பள்ளத்தில் பெரும்பாலும் ஏழைதான் குடியிருப்பான் என்றே சொல்கிறேன்.

இனி, காணிக்காரர் விடயம். முத்துராஜவெல முழுவதும் அரச காணி அன்று. அதற்குள்ளே தனியார் உறுதிக் காணிகள் உண்டு. தலைமுறையாக அந்த ஓரத்தில் இருப்பவர்கள் உண்டு. 2021இல் சதுப்பைப் பாதுகாப்பதற்கு என்று காரணம் சொல்லி, நகர அபிவிருத்தி அதிகார சபையின் கைக்குள் அதைக் கொண்டுவர அரசாங்கம் முயன்றது. பாதுகாப்பு என்ற சொல்லை அந்தச் சனங்கள் நம்பவில்லை. நகரத்தை அபிவிருத்தி செய்கிற சபைக்குச் சதுப்பில் என்ன வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கத்தோலிக்க திருச்சபையும் எதிர்த்தது. கொழும்புப் பேராயர் உச்ச நீதிமன்றத்தில் மனுப்போட்டார். நிரவுகிறவனிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும், காப்பாற்றுகிறேன் என்று வருகிறவனிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை.

இந்த நிலை எங்களுக்குப் புதிதா? 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் ஊர் திரும்பியவர்களில் எத்தனை பேர் தங்கள் வயலில் எல்லைக்கல்லைக் கண்டார்கள்! இருபது வருடம் உழாமல் கிடந்த காணியில் காடு வளரத்தான் செய்யும். வளர்ந்த காட்டைக் காட்டி, இது வனம், இது வனசீவராசிகளின் இடம் என்று சொல்லப்பட்டது. மரத்தின் வயதைப் பார்த்தார்களே தவிர, அந்த மரம் முளைத்த வரம்பின் வயதைப் பார்க்கவில்லை. அதேவேளையில் உண்மையாகவே காக்கவேண்டிய இடங்களில் மறுபுறமான கூத்தும் நடக்கிறது. மன்னார் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அதில் 168 ஹெக்டேயரை நீருயிரினப் பண்ணைக்காக விடுவிக்க வர்த்தமானி வந்தது. விடயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கண்டலும் கடற்புல்லும் உள்ள இடத்தை விடலாம், விவசாயி வெட்டித் திருத்திய வயலை விட முடியாது என்றால் இதற்கு என்ன நியாயம்?

இதை எழுதும்போது எனக்குள் ஒரு தயக்கமும் உண்டு. நாங்களும் எங்கள் காணியைப் பற்றிப் பேசும்போது ஏக்கரையும் மூட்டையையும் மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். "ஐந்து ஏக்கர், காலபோகத்தில் இவ்வளவு, சிறுபோகத்தில் இவ்வளவு." விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கட்டங்கள்தான் இருக்கின்றன. வயலுக்குப் பக்கத்துத் தரவையில் மாடு மேய்ந்ததை நாங்கள் எழுதுவதில்லை. மாரியில் வாய்க்காலில் கரப்புக் குத்தி மீன் பிடித்ததையும், குளக்கரைப் பன்னை அறுத்துப் பெண்கள் பாய் இழைத்ததையும், பள்ளக்காணியில் தண்ணீர் நின்றதால்தான் மேட்டுக் கிணறுகள் வைகாசி வரை வற்றாமல் கிடந்தன என்பதையும் எழுதுவதில்லை. உழாத துண்டை நாங்களே "சும்மா கிடந்த காணி" என்கிறோம். அந்தச் சொல்லைத்தான் பிறகு அதிகாரியும் எடுத்துக்கொள்கிறார். முத்துராஜவெலையைப் "பயனற்ற சதுப்பு" என்று சொன்னவர்கள் அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியாது; ஆனால் அங்கே விறகு பொறுக்கியவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. காணி மீட்கும் சங்கங்கள் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் சேர்ப்பதோடு நிற்காமல், ஊரின் முழு நிலத்தையும் எழுதி வைக்கவேண்டும். வயலின் பெயர், வாய்க்காலின் பெயர், எந்தத் துண்டில் வெள்ளம் நிற்கும், எந்த மாதம் வடியும், விறகுக்கு எங்கே போனோம், மருந்துக்கு எந்த வேலியில் என்ன பிடுங்கினோம், மாடு எந்த வழியால் தண்ணீருக்குப் போனது. இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். முகாமிலும் உறவினர் வீட்டிலும் பிறந்த பிள்ளைகளுக்கு இவை தெரியாது. ஒரு கொப்பியும் பேனையும் போதும். திட்ட முன்மொழிவு எழுதி நிதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதோடு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வைக்கப்படும் விவசாயக் காணி இடாப்பில் உங்கள் வயலும் பெயரும் இருக்கின்றனவா என்பதைக் கமநல சேவை நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது பழைய பற்றுச்சீட்டு எது கிடைத்தாலும் கொண்டு போங்கள். கறையான் தின்ற துண்டானாலும் பரவாயில்லை.

இப்படி எழுதி வைத்தால் காணி உடனே கிடைத்துவிடுமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. ஆனால் நாளைக்கு ஒருவர் வரைபடத்தோடு வந்து, "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது, மேசையில் வைக்க எங்களிடம் ஏதாவது இருக்கவேண்டும். எங்கள் குளக்கரையில் ஒருநாள் உல்லாச விடுதி கட்ட யாராவது வந்தாலும் அப்படித்தான். வரட்டும், பறவையைப் பார்க்கட்டும். ஆனால் மாட்டுப் பாதை எது என்பதை முதலில் கேட்டுவிட்டு வேலி போடட்டும்.

வள்ளத்தால் இறங்கி நாங்கள் பஸ் ஏறியபின், அந்த முதியவர் தன் ஊர் வயல்வெளியின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். முன் ஆசனத்திலிருந்த பிள்ளை ஒன்று எழுதிக்கொண்டு வந்தது. புத்தளம் தாண்டும்போது பதினெட்டுப் பெயர் சேர்ந்துவிட்டது. பத்தொன்பதாவதில் பிரச்சினை வந்தது. அது தரவையின் பெயரா, தரவைக்குப் பக்கத்து வெட்டுவாய்க்காலின் பெயரா என்று அவருக்கும் பின்னால் இருந்த அவருடைய மைத்துனருக்கும் வாக்குவாதம். "நீ அப்ப சின்னப் பெடியன், உனக்கென்ன தெரியும்" என்றார் இவர். மைத்துனருக்கு வயது எழுபத்தொன்று. வவுனியா வரைக்கும் அது முடியவில்லை; பிள்ளை இரண்டு இடத்திலும் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறது.